கால் படாத மண்

மண்ணில் உப்பு இருக்கிறதாம். என் வீட்டு மண்ணில்! சங்ககிரியில் மலைக்கோட்டை இருக்கிறது, திரும்பிய பக்கமெல்லாம் லாரி இருக்கிறது, தோண்டினால் சுண்ணாம்புக் கல் இருக்கிறது. கடல் எங்கேயப்பா இருக்கிறது? செல்போனில் வந்த அந்த ரிப்போர்ட்டைப் படித்ததும் வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்தேன். மகன் பெங்களூரில் இருந்து வாங்கி அனுப்பிய போன் என்பதால் மெத்தை மேல் பார்த்து எறிந்தேன்.

நான் காளியண்ணன். லாரிக்காரன். ஒரே ஒரு வண்டி சொந்தமாக வைத்து நானே ஓட்டியவன். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போவேன். திரும்பும்போது கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு வருவேன். போன தை மாதம் இடுப்பு இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டது. வண்டியை விற்றேன். விற்ற அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி இடம் புதிதாக முளைத்தது. முளைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன நாளில் இருந்து அங்கே வண்டிதான் நின்றது. வண்டிக்கு அடியில் ஓர் இடம் இருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

என் மனைவி மயிலம்மாள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்குச் செடி என்றால் உயிர். ஆனால் அவளுடைய செடிகளெல்லாம் காம்பவுண்டுச் சுவர் மேல் பெயிண்ட் டப்பாவிலும் கிரீஸ் டப்பாவிலும் ஓட்டைக் குடத்திலும்தான் வளர்ந்தன. நான் வண்டியை ரிவர்ஸ் எடுத்து உள்ளே விடும்போது பின்பலகை இடித்து ஒன்றிரண்டு டப்பா கீழே விழும். நான் கேபினில் இருந்தே கத்துவேன்.

“வண்டி வர்ற வழியில செடிய எதுக்குடி வெக்கிற?”

“வெக்கறதுக்கு வேற எடம் ஏதுங்க?” என்று கேட்டுக்கொண்டே சிந்திய மண்ணை அள்ளி டப்பாவில் போடுவாள். நான் டீ கொண்டு வா என்பேன்.

வண்டியை விற்ற அன்று பொழுதோடு அந்தக் காலி இடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு அவள் சொன்னாள்.

“ஏனுங்க, இந்த எடம் எனக்குங்க. நான் தோட்டம் போட்டுக்கறேன். அவரை, கத்திரி, முருங்கை, ஒரு மல்லிகைப் பந்தல். கறிவேப்பிலைக்குக் கடைக்குப் போற சோலியே வேண்டாம்.”

மயிலம்மாள் எனக்கு இது வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை. சேலை எடுக்கப் போனால்கூட நீங்களே பாருங்க என்பாள். அவள் கேட்டுவிட்டாள். எடுத்துக்கோ என்று நானும் சொல்லிவிட்டேன். அத்தோடு முடிந்திருக்கும், பூபதி வராமல் இருந்திருந்தால்.

பூபதி அவளுடைய உடன்பிறந்த தம்பி. பைபாஸில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஐம்பதைத் தொடப் போகிறான், இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் முதலில் சோற்றுக் குண்டானைத்தான் திறந்து பார்ப்பான். நல்லவன். பட்டறை இருந்த இடத்தில் உடைமைக்காரர் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுகொண்டே பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். அவன் பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“மச்சான், அந்த எடத்தை எனக்கு உடுங்க. தகரம் போட்டுப் பட்டறை வெச்சுக்கறேன்.”

“அது என்ர தோட்டம்டா,” என்றாள் மயிலம்மாள்.

“தோட்டமா? அக்கா, லாரி நின்னு நின்னு டீசலும் ஆயிலும் குடிச்ச மண்ணு அது. அதுல புல்லுகூட வராது. அது மண்ணே இல்லக்கா, தாரு!”

“உன்ர வாய்ல நல்ல வார்த்தையே வராதா? கறியைத் தின்னுபோட்டுப் பேசற பேச்சைப் பாரு!”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அங்கே ஆயில் கசிந்தது உண்மை. அது என் வண்டி. அவளுடைய ஒரே ஆசையை என் வண்டியே கெடுத்து வைத்திருந்தால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் உட்கார்ந்து சோறு தின்பது? ஆனால் அப்படியெல்லாம் வெளியே சொல்லிவிட முடியுமா? இலையைத் தட்டி ஒரு தீர்ப்பு சொன்னேன்.

“மண்ணை லேபுக்கு அனுப்பலாம். நல்லா இருக்குதுன்னு சொன்னா மயிலுக்குத் தோட்டம். கெட்டுப்போச்சுன்னு சொன்னா பூபதிக்குப் பட்டறை. லேப் சொல்றதுதான். அப்பறம் ஒருத்தரும் மூஞ்சியைத் தூக்கப்படாது.”

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். சூரமங்கலத்தில் ஒரு மாடியில் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது என்று பூபதிதான் விசாரித்துச் சொன்னான். எப்படி மண் எடுக்க வேண்டும் என்று ஒரு துண்டுப் பிரசுரமும் கொண்டுவந்து கொடுத்தான். மயிலம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வரி வரியாகப் படித்தாள். மறுநாள் விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டு அவளே மண்ணெடுத்தாள். நிழலில் உலர்த்தி, கல் பொறுக்கி, மஞ்சப்பையில் கட்டி என் கையில் கொடுத்தாள். கோயிலுக்குப் பிரசாதம் கொண்டுபோகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்தது இந்த ரிப்போர்ட். உப்பு மிக அதிகம். தோட்டப் பயிர்களுக்கு ஏற்றதல்ல. டீசலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உப்பு!

அன்று மாலையே பூபதி அளவு டேப்பும் கையுமாக வந்துவிட்டான். மயிலம்மாள் தம்பியோடு சண்டை போடவில்லை. வா என்று கூப்பிட்டு டீ கொடுத்தாள். பிறகு சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவர் மேல் இருந்த டப்பாக்களுக்கு ஒவ்வொன்றாக ஊற்றினாள். ஓட்டைக் குடத்தில் இருந்த ரோஜாவில் பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். பேசாமல் தண்ணீர் ஊற்றுகிறவளை என்ன செய்வது?

“டேப்பைச் சுருட்டுடா,” என்றேன் பூபதியிடம்.

“மச்சான், லேப் சொல்றதுதான்னு நீங்கதானுங்க சொன்னீங்க?”

“சொன்னேன். இப்ப லேப் சொல்றது சரியான்னு பாக்கோணும்னு சொல்றேன். போயிட்டு நான் கூப்பிடறப்ப வா.”

லாரிக்காரனை எடைமேடைக்காரன் ஏமாற்ற முடியாது. லோடு ஏற்றிக்கொண்டு போய் ஒரு மேடையில் நிறுத்துவோம். அவன் சொல்கிற எடையில் சந்தேகம் வந்தால் வண்டியை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கமாக ஏற்றி அதே லோடை மறுபடியும் எடை போடச் சொல்லுவோம். மேடை யோக்கியமானதாக இருந்தால் இரண்டு தடவையும் ஒரே கணக்கு வரும். லேப் மட்டும் என்ன ஆகாயத்தில் இருந்து குதித்ததா? அதையும் அப்படியே சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மயிலம்மாள் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வண்டி நின்ற இடத்திலேயே நாலைந்து குழி வெட்டினேன். எண்ணெய்க் கறை படிந்து கருத்திருந்த திட்டை மட்டும் தொடவில்லை. அள்ளி, உலர்த்தி, வேறொரு பையில் போட்டேன். பெயர் என்ன என்று லேபில் கேட்டபோது கொஞ்சமும் யோசிக்காமல் பூபதி என்று சொன்னேன். ஊர் குமாரபாளையம் என்றேன். மேசையில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. உப்பு சாதாரண அளவு. எல்லாத் தோட்டப் பயிர்களுக்கும் ஏற்றது. தழைச்சத்து குறைவு, தொழுஉரம் இடவும்.

நான் வாசலில் நின்று கை தட்டிச் சிரித்தேன். மாட்டிக்கொண்டான் பார்! ஒரே இடம், ஒரே மண், ஒரே லேப். ஒரு தடவை உப்பு என்கிறான், ஒரு தடவை இல்லை என்கிறான். மயிலம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னேன், பூபதிக்குப் போன் போட்டு வரவழைத்துச் சொன்னேன். மயிலம்மாள் முகம் மலர்ந்தது. ஆனால் பூபதி உதட்டைப் பிதுக்கினான்.

“என்ர பேர்ல எதுக்குங்க அனுப்புனீங்க?”

“வாய்க்கு வந்த பேரைச் சொன்னேன், விடு. ரிப்போர்ட்டைப் பாரு.”

“பாத்தனுங்க. மச்சான், நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உப்பு இருக்குதுன்னு சொன்னது பொய்யா, இல்லீன்னு சொன்னது பொய்யா? ரெண்டுல எது பொய்யுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்கிற மூளை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மயிலம்மாளின் முகத்தில் வந்த வெளிச்சமும் அணைந்துபோனது.

“அவன் சொல்றதும் நெசந்தானுங்க,” என்றாள் மெதுவாக. “நல்ல ரிப்போர்ட்டை நம்பி நட்டுப்போட்டு, நட்டதெல்லாம் கருகுச்சுன்னா எனக்கு மனசு தாங்காது. அதுக்குப் பட்டறையே வந்துட்டுப் போகட்டும்.”

“நாளைக்கு மூணு பேரும் போறோம்,” என்றேன். “நேர்லயே கேட்டுப்போடலாம். நான் யாருன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது.”

மறுநாள் போனோம். மயிலம்மாள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மாடிப்படி ஏறும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன். என்னத்தைப் பரிசோதிக்கிறீர்கள், இது லேபா கிளி ஜோசியமா, ஒரே மண்ணுக்கு இரண்டு ஜாதகம் எழுதுகிறீர்களா என்று கேட்டேன். மேசையில் இருந்த அதே பெண் எழுந்து வந்தாள். ஷாலினி என்று பெயர். அவள்தான் அங்கே மண் பார்க்கிறவளாம், படித்த பெண். நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுமையாக நின்றாள்.

“உக்காருங்கய்யா. தண்ணி குடிங்க. ரெண்டு மண்ணும் மிச்சம் இருக்குதுங்க. கொஞ்ச நாளைக்கு எடுத்து வெச்சிருப்போம். உங்க கண்ணு முன்னாலயே பாத்துறலாம்.”

இரண்டு டப்பாவைக் கொண்டுவந்தாள். இரண்டிலும் இருந்து ஒரே அளவு மண்ணை நிறுத்து எடுத்தாள். இரண்டு கண்ணாடிக் குவளையில் போட்டு ஒரே அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தாள். மண் அடங்குகிற வரைக்கும் எங்களுக்கு டீ வாங்கித் தரச் சொன்னாள். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியைக் காட்டினாள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதில் எண் ஏறும் என்றாள். என் குவளையில் விட்டாள். எண் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. மயிலம்மாள் குவளையில் விட்டாள். எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது.

“மாத்தி வையி,” என்றேன்.

“எதைங்கய்யா?”

“குவளையை மாத்தி வையி, கருவியைக் கழுவு, மறுபடியும் பாரு. வண்டியைத் திருப்பி மேடையில ஏத்து, பாக்கலாம்!”

அவளுக்கு வண்டிக் கணக்கு புரியவில்லை. இருந்தாலும் சிரித்துக்கொண்டே கருவியைக் கழுவித் துடைத்தாள், குவளைகளை மாற்றி வைத்தாள், மறுபடியும் பார்த்தாள். அதே எண்கள்தான். நான் இன்னொரு தடவை என்றேன். இன்னொரு தடவையும் பார்த்தாள். மாறவில்லை. மேடை யோக்கியமானது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

“மெஷின் சரியாத்தாங்க சொல்லுது,” என்றாள் ஷாலினி. “ஆனா இது ரெண்டும் ஒரே மண்ணு இல்லீங்கய்யா. நீங்க குடுக்கற மண்ணைப் பத்தித்தான் நாங்க சொல்ல முடியும். அதை நீங்க எங்க இருந்து அள்ளுனீங்கன்னு மெஷினுக்குத் தெரியாதுங்களே.”

“ஒரே எடம் அம்மணி! என்ர வீட்டுப் பின்னால. நான் வண்டி நின்ன எடத்துல எடுத்தேன்.”

“சரிங்க. மொதல் பை யாரு எடுத்தது?”

“நானுங்க,” என்றாள் மயிலம்மாள்.

“நீங்க எந்த எடத்துலங்கம்மா எடுத்தீங்க?”

“காயிதத்துல போட்டிருந்த மாதிரியேதாங்க எடுத்தேன். எருக்குழிகிட்ட வேண்டாம், மரத்தடியில வேண்டாம், ஆளு நடக்கற வழியில வேண்டாம்னு போட்டிருந்துது. ஊட்டுப் பின்னால எங்க பொடக்காளியில எல்லா எடமும் கால் பட்ட எடந்தானுங்க. வண்டி நின்னுது, இவுங்க நடந்தாங்க, கிளீனருங்க நடந்தாங்க. கால் படாத எடம்னா தண்ணித் தொட்டிக்குப் பின்னால அந்த மூலை ஒண்ணுதான். மேல தகரச் சீட்டு போட்டிருக்கறதால மழைகூட அங்க உழாது. அங்க மட்டும் யாரும் கால் வெக்க நான் உடறதே இல்லீங்க.”

“ஏங்கம்மா உடறதில்ல?”

மயிலம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே கையால் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் அந்தக் குவளையைப் பார்த்தபடி இருந்தது.

“அய்யோ சாமி!” என்றாள்.

“என்ன மயிலு? என்ன ஆச்சு?”

“அது நான் உப்பு கொட்டற எடமுங்க.”

பூபதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷாலினிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

“திருஷ்டி சுத்தற உப்புங்களா?”

“ஆமாங் கண்ணு. உப்பைச் சுத்தித் தண்ணியில கரைச்சா, கால் படாத எடத்துலதான ஊத்தோணும்? மிதிச்சவங்களுக்கு அது ஒட்டிக்குமுல்ல? அதனால எப்பவும் அந்த மூலையிலதான் ஊத்துவேன். நீங்களும் கால் படாத எடத்துலதான எடுக்கச் சொல்லியிருந்தீங்க.”

ஷாலினி முதலில் சிரித்தாள். எங்கள் வீட்டிலும் அம்மா சுற்றுவார்கள் என்றாள். பிறகு கருவியில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“ஆனா எப்பவோ ஒருக்கா ஒரு கை உப்பு போட்டா இவ்வளவு வராதுங்கம்மா. இது மூட்டைக் கணக்குல போயிருக்குமாட்ட இருக்குது. யாருக்குங்க இத்தன சுத்துனீங்க?”

மயிலம்மாள் தாடையை என் பக்கம் ஆட்டினாள். “வேற யாருக்கு? இவுங்களுக்குத்தான்.”

“எனக்கா?” நான் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். “எனக்கு நீ எப்பச் சுத்துன? நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்லயே!”

“முழிச்சிருந்தா நிப்பீங்களா நீங்க? இதென்ன கூத்துன்னு கத்தமாட்டீங்க? நீங்க ட்ரிப் முடிஞ்சு வந்து அசந்து தூங்குவீங்கள்ல, அப்ப தலைமாட்டுல நின்னு சுத்துவேன். போறப்ப வண்டி ரோட்டுல திரும்பற வரைக்கும் பாத்துட்டு, அந்தத் திக்கைப் பாத்து ஒருக்கா சுத்துவேன். நடுவுல எங்கியாச்சும் லாரி கவுந்துதுன்னு டிவியில காட்டுனா அன்னிக்கும் சுத்துவேன்.”

“போன் எடுக்கலீன்னா?” என்று பூபதி கேட்டான். அவன் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது.

“அன்னிக்கு ரெண்டு கையாலயும் அள்ளிச் சுத்துவேன்டா.”

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒன்றும் இல்லை. கடைக்குப் போய் வந்தேன் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் என் வாழ்நாளில் பாதியை ரோட்டில் கழித்தவன். நாக்பூர் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போதெல்லாம், வீட்டில் கத்துகிறவன் போய்விட்டான், அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாபாவில் வேண்டுமென்றே போனை எடுக்காமல் சீட்டாடிய ராத்திரிகளும் உண்டு. இங்கே ஒருத்தி உப்பை அள்ளிக்கொண்டு இருட்டில் நின்றிருக்கிறாள். படித்த பெண்ணுக்கு முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாகிவிட்டது. அதனால் பூபதியைத் திட்டினேன்.

“டீக்குவளையை எடுத்து ஓரமா வையேண்டா! மெஷின் இருக்கற மேசை மேல எவனாச்சும் டீயை வெப்பானா?”

“வெச்சது நீங்கதானுங்க மச்சான்,” என்று சொல்லிக்கொண்டே அவன் எடுத்து வைத்தான்.

ஷாலினி எங்கள் மூன்று பேருக்கும் விளக்கிச் சொன்னாள். ஒரு மூலையில் மட்டும் எடுத்தால் அது அந்த மூலைக்கான சேதிதான். நான் எடுத்ததும் பாதிச் சேதிதான். இடம் முழுக்க வளைந்து வளைந்து போய்ப் பல குழி வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதில் ஒரு பங்கைக் கொண்டுவந்தால்தான் தோட்டத்தின் உண்மை தெரியும். உப்பு மூலையைத் தனியாக விட்டுவிட வேண்டும். ஆயிலைப் பற்றியும் கேட்டேன். அதைச் சோதிக்கிற வசதி இங்கே இல்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். கருத்த திட்டை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி அப்புறப்படுத்திவிடுங்கள் என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிறகுதான் எனக்கு அந்தப் பெண்ணின் மேல் முழு நம்பிக்கை வந்தது. எந்த எடைமேடைக்காரனும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

மறுபடியும் மண்ணெடுத்தோம். இந்தத் தடவை மூன்று பேரும் சேர்ந்து எடுத்தோம். குழி வெட்டியது பூபதி. அவனுக்குப் பட்டறை வேண்டும்; இருந்தாலும் ஒரு குழியிலும் அவன் கள்ளம் பண்ணவில்லை. மயிலம்மாள் பெரிய சாக்கை விரித்து எல்லா மண்ணையும் கொட்டி, வடகத்துக்கு மாவு பிசைகிற மாதிரி கையால் அளைந்து அளைந்து கலந்தாள். ரிப்போர்ட் வருகிற வரைக்கும் நான் பல தடவை போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். உப்பு என்று மட்டும் வந்துவிடக் கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தது. சாதாரண அளவு. தோட்டப் பயிர்களுக்கு ஏற்றது. நான் சத்தமாகப் படித்தேன். மயிலம்மாள் இன்னொரு தடவை படிங்க என்றாள். படித்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகச் சுவர்ப் பக்கம் போனாள். எந்த டப்பாவை முதலில் இறக்குவது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பூபதி போனில் கேட்டதும் “அக்காளுக்கே ஆகட்டும் மச்சான்” என்றான். மூஞ்சியைத் தூக்கவில்லை. தெரிந்த டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் அவனுக்கு இடம் பார்த்துக் கொடுத்தேன். புதுப் பட்டறையில் அவன் அடித்த முதல் வேலை, அக்காவின் அவரைக்கு இரும்புக் குழாயில் ஒரு பந்தல். லாரி பாடியே நிற்கும், அவ்வளவு கெட்டி. அவரைக்கொடிக்கு எதற்கடா இத்தனை இரும்பு என்று கேட்டேன். என் அக்காளுக்கு நான் அப்படித்தான் அடிப்பேன் என்றான்.

கருத்த மண்ணை வெட்டி அள்ளினோம். சேந்தமங்கலத்தில் இருந்து தொழுஉரம் ஒரு டெம்போ வந்து இறங்கியது. கத்திரி நட்டாயிற்று, முருங்கைப் போத்து ஊன்றியாயிற்று. மிச்சம் இருந்தது அந்த மூலைதான். நல்ல தண்ணீரைப் பல தடவை தேங்கவிட்டு வடியவிட்டால் உப்பு கரைந்து அடியில் போய்விடும், பிறகு அங்கேயும் நடலாம் என்று ஷாலினி சொல்லியிருந்தாள். மயிலம்மாள் மேலே இருந்த தகரச் சீட்டைக் கழற்றச் சொல்லி, சுற்றிலும் வரப்புக் கட்டி, கறிவேப்பிலைக் கன்றையும் வாங்கி வந்து தயாராக வைத்துவிட்டாள்.

எனக்கு மனசு வரவில்லை. ஓஸ் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“மயிலு, இந்த மூலை இப்படியே கெடக்கட்டும். இங்க ஒண்ணும் நட வேண்டாம்.”

“ஏனுங்க?”

“என்னமோ... கெடக்கட்டும். எத்தன வருசம் நீ எனக்காகக் கொட்டுன உப்பு. அதைப் போயி தண்ணி உட்டுக் கரைக்கச் சொல்ற.”

மயிலம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வண்டியை ரிவர்ஸ் எடுத்து டப்பாவைத் தள்ளிய நாட்களில்கூட அவள் என்னை அப்படி முறைத்ததில்லை.

“அந்த உப்பைக் கொட்டுனது நீங்க ஊடு வந்து சேரோணும்னுதானுங்க. நீங்கதான் வந்துட்டீங்களே! அப்பறம் அது எதுக்கு? பைப்பைப் புடிங்க.”

நான் பைப்பைப் பிடித்தேன். அவள் போய் மோட்டாரைப் போட்டாள்.